ராஜிந்தர் நகர் தமிழ் பாலிட்டி வகுப்பு: மாநிலங்களவைப் பாடத்துக்காகவே சேரலாம்

டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் தெருவுக்குத் தெரு யூபிஎஸ்சி வகுப்புகள். தமிழில் நடத்துபவை மிகக் குறைவு. நான் படிப்பது ஜூஸ் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் நடக்கும் வார இறுதி பாலிட்டி (அரசியலமைப்புப் பாடம்) வகுப்பு. நடத்துபவர் மதுரைக்காரர், எல்லாருக்கும் அண்ணா.

மாநிலங்களவை வாக்கெடுப்பு முறையை அவர் நடத்திய விதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோட்ஸை மூடச் சொல்லிவிட்டு, பச்சை, சிவப்பு, மஞ்சள் அட்டைகளைக் கையில் கொடுத்தார். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. முதலில் குரல் வாக்கெடுப்பு. ஆதரவுக் குரல் பலமாகக் கேட்டது, மசோதா நிறைவேறியதாக அறிவித்தார். விழுப்புரத்துத் தோழி எழுந்து, "டிவிஷன் வேணும்ணா" என்றார், அதாவது வாக்குகளை எண்ணச் சொன்னார். அட்டைகளை எண்ணினால் மசோதா தோற்றிருந்தது! சத்தமாகக் கத்தியவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

அப்புறம்தான் 2020 செப்டம்பர் 20-க்கு வந்தார். வேளாண் மசோதாக்கள் அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய நாள். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்பது துணைத் தலைவர் சொன்ன காரணம். இரு தரப்பு வாதத்தையும் அண்ணா பொறுமையாக வைத்தார். என் கருத்து உறுதியானது: ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் எண்ணிவிட வேண்டும். குரல் வாக்கெடுப்பில் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று பெயர் பதிவாகாது. தமிழ்நாட்டின் 18 எம்.பி.க்களும் எப்படி வாக்களித்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

அரசியல் சட்டத் திருத்தக் கணக்கும் அருமை. 180 பேர் வாக்களித்து 121 பேர் ஆதரித்தால் என்ன ஆகும்? மூன்றில் இரண்டு பங்குக்கு 120 போதும், ஆனாலும் மசோதா தோற்கும். மொத்த உறுப்பினர் 245 பேரில் பாதிக்கு மேல், அதாவது 123 பேர் ஆதரிக்க வேண்டும். 2023-ல் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 214-0 என்று இரண்டு நிபந்தனையையும் தாண்டியதைப் பக்கத்தில் எழுதிக் காட்டினார். நம் சட்டமன்றத்தில் 234 பேரும் வாக்களித்து மாநிலங்களவைக்கு ஆறு இடம் நிரப்பும்போது ஒரு இடத்துக்கு ஏன் 34 வாக்கு என்பதையும் போர்டில் போட்டுக் காட்டினார்.

குறை உண்டு. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிட்டார். மேலவையின் கை கட்டப்படும் இடமே அதுதான், ஒரு முழு வகுப்பு தந்திருக்க வேண்டும். அறையில் நெரிசலும் அதிகம், பின் பெஞ்சில் போர்டு தெரியாது.

மெயின்ஸை (முதன்மைத் தேர்வை) தமிழில் எழுதுபவர்கள் ஞாயிறு காலை பேட்சில் சேருங்கள். மாதிரி அவை அதில் மட்டும்தான் நடக்கிறது.