டாட்காட் கிட்டாருக்கு டேப்: மியூஸ்ஸ்கோரா, லில்லிபாண்டா?

டாட்காட் சுருதியில், கிட்டாரின் வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது, இரண்டாவது, முதல் தந்திகள் ஒரு முழு சுரம் இறங்கி, ஆறு தந்திகளும் டி ஏ டி ஜி ஏ டி ஆகின்றன. ஐரிஷ் மெட்டுகளுக்கு இது அவ்வளவு பொருத்தம். இதற்கு டேப், அதாவது எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை (கழுத்திலுள்ள கட்டையை) அழுத்துவது என்று எண்களால் காட்டும் இசைக்குறிப்பு, எழுத இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு.

மியூஸ்ஸ்கோரில் தந்திகளின் சுருதியை மாற்றினால் போதும், ஃப்ரெட் எண்கள் அதற்கேற்ப வரும். எழுத எழுதக் கேட்கலாம். தொடங்குபவர்களுக்கு இதுதான் சரி.

லில்லிபாண்டில் எல்லாமே எழுத்துக் கட்டளை. டாட்காட் அமைப்பு அதில் ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் பழகும்வரை பொறுமை வேண்டும்.

உண்மையான சிக்கல் தந்தித் தேர்வில்தான். இந்தச் சுருதியின் அழகே, பக்கத்துச் சுரங்கள் வெவ்வேறு தந்திகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பது. இரண்டாம் தந்தியின் ஏ திறந்து ஒலிக்கும்போதே பி சுரம் வேண்டுமென்றால், அதை மூன்றாம் தந்தியின் நான்காவது ஃப்ரெட்டில் பிடிக்க வேண்டும். மென்பொருளோ இரண்டாம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டைத் தரப் பார்க்கும், ஏ-யின் ஒலி அறுந்துபோகும். மியூஸ்ஸ்கோரில் அந்த எண்ணை வேறு தந்திக்கு நகர்த்தலாம். லில்லிபாண்டில் சுரத்தோடு தந்தி எண்ணையும் எழுதிவிடலாம். அந்த முடிவு கோப்பிலேயே கண்ணுக்குத் தெரியும் என்பதால், நீண்ட பாடல்களுக்கு நான் லில்லிபாண்டையே எடுப்பேன்.