45 வயதுக்குப் பிறகு மார்க்கெட்டிங்: அங்கேயே இருப்பதா, பக்கத்துத் துறைக்கு நகர்வதா, தனியாகப் போவதா?

மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் எடுக்கும்போது வயது பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ‘ஓவர் குவாலிஃபைட்’ என்பார்கள். ‘டிஜிட்டலிலேயே ஊறியவர் வேண்டும்’ என்பார்கள். ‘எங்கள் டீமுக்குச் சரிப்பட்டு வராது’ என்பார்கள். இவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே கணக்குதான் ஓடுகிறது: இவர் சம்பளம் அதிகம் கேட்பார், தன்னைவிட இளைய மேலாளரின் பேச்சைக் கேட்க மாட்டார், புதிய கருவிகளைத் தொட மாட்டார்.

இந்தப் பாகுபாடு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டேவிட் நியூமார்க் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதி கிட்டத்தட்ட ஒன்றுதான், வயது மட்டும் வேறு. விற்பனை வேலைகளும் அதில் உண்டு. 2019-இல் வெளியான முடிவுப்படி, வயதான பெண்களுக்கு நேர்காணல் அழைப்பு தெளிவாகக் குறைந்தது; ஆண்கள் விஷயத்தில் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. அதாவது ஆளை நேரில் பார்ப்பதற்கு முன்பே, ரெஸ்யூமைப் புரட்டும்போதே கதவு மூடிவிடுகிறது. சில நேரம் அதற்கும் முன்பே. பல பெரிய நிறுவனங்கள் ஃபேஸ்புக்கில் தங்கள் வேலை விளம்பரங்களை இளைஞர்களின் கண்ணில் மட்டும் படும்படி வைத்திருந்ததை 2017 டிசம்பரில் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் நியூயார்க் டைம்ஸும் வெளிக்கொண்டுவந்தன. வேலை விளம்பரங்களுக்கு வயதுவாரியாக ஆள் தேர்வு செய்யும் வசதியை நீக்குவதாக ஃபேஸ்புக் 2019 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. நம் தொழிலின் கருவியே நம்மை வடிகட்டியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வழியில் என்னைத் தேர்ந்தெடுக்கப்போவது யார், என் வேலையைக் கண்டவரா, ரெஸ்யூமை மட்டும் பார்க்கும் அந்நியரா?

அதே வேலை, புதிய நிறுவனம்

எல்லோரும் முதலில் போகும் வழி இது. இருப்பதிலேயே கடினமானதும் இதுதான், ஏனென்றால் முழுக்க அந்நியர் கையில் இருக்கிறது. உடனே நான்கு சான்றிதழ் வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூகுளின் விளம்பரச் சான்றிதழ்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். அதனாலேயே அவை யாரையும் தனித்துக் காட்டுவதில்லை. கேள்வி வரும்போது தடுமாறாமல் இருக்க உதவும், அந்த அளவுக்குத்தான் அவற்றின் பயன்.

ஆனால் ‘வயதானவருக்குக் கருவி தெரியாது’ என்ற பேச்சை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. 2023 ஜூலையில் இணையதள வருகையை அளக்கும் தன் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸைக் கூகுள் நிறுத்தியபோது 27 வயதுக்காரரும் 50 வயதுக்காரரும் ஒரே நேரத்தில்தான் புதியதைக் கற்க வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அப்படியே; சாட்ஜிபிடி வந்ததே 2022 நவம்பரில்தான். இன்னொன்றும் நடந்தது. 2021 ஏப்ரலில், ஐபோன் செயலிகள் பயனரைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஆப்பிள் கட்டாயமாக்கியது. எந்த விளம்பரம் எந்த விற்பனையைக் கொண்டுவந்தது என்று ஆள் ஆளாகக் கணக்குப் பார்ப்பது சிரமமானது. அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு பகுதியில் விளம்பரம் செய்து இன்னொரு பகுதியில் நிறுத்திப் பார்ப்பது, மொத்தச் செலவையும் மொத்த விற்பனையையும் வைத்துப் புள்ளியியல் மாதிரி போடுவது, வாடிக்கையாளரிடமே கேட்பது என்று இணையத்துக்கு முந்தைய முறைகளுக்கெல்லாம் மறுபடி மதிப்பு வந்தது. இவற்றைக் கையால் செய்தவர்கள் ரெஸ்யூமின் கடைசிப் பக்கத்தில் அதை ஒளித்து வைக்கிறார்கள். முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பட்டம் பெற்ற ஆண்டை நீக்கலாமா, கடைசி 15 ஆண்டு அனுபவத்தை மட்டும் போடலாமா? தாராளமாகச் செய்யலாம். நேர்காணலில் வயது தெரியத்தான் போகிறது. ஆனால் அடி விழுவது அதற்கு முந்தைய கட்டத்தில் என்னும்போது, அந்தக் கட்டத்தைத் தாண்டுவதே பாதி வேலை.

பக்கத்துத் துறை

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். பக்கத்துத் துறை என்றால் இரண்டு விதம். ஒன்று, வேலை மாறும், தொழில்துறை மாறாது: பிராண்ட் மேலாளராக இருந்தவர் அதே தொழில்துறையில் விலை நிர்ணயம், சந்தை ஆய்வு, பொருள் மேலாண்மை, விற்பனைக் குழுவுக்குப் பயிற்சி, வாடிக்கையாளர் தக்கவைப்பு என்று நகர்வது. மற்றொன்று, வேலை மாறாது, இடம் மாறும்: விளம்பர ஏஜென்சியிலிருந்து, நிறுவனங்களுக்கே பொருள் விற்கும் நிறுவனத்துக்குப் போவது. மருத்துவக் கருவி, தொழிற்சாலை இயந்திரம், காப்பீடு போன்றவற்றை வாங்க முடிவெடுப்பவர்கள் பலரும் நடுவயதைக் கடந்தவர்கள். ஒரு கொள்முதலை முடிக்க மாதக்கணக்காகும், எதிரே நிதானமாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும். அங்கே நரைத்த தலை தடையாக இருப்பதில்லை.

இதில் இழப்பும் உண்டு. பதவிப் பெயர் ஒரு படி இறங்கலாம், சம்பளமும் கூடவே இறங்கலாம். இயக்குநர் என்ற பெயரோடு பத்து ஆண்டு இருந்தவருக்கு அது லேசான விஷயமில்லை. ஆனாலும் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள், உங்களோடு கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள், நீங்கள் போட்ட கேம்பெய்னால் விற்றவர்கள் இந்த வழியில்தான் துணைக்கு வருகிறார்கள். இப்போது இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே நகர முடிந்தால் அந்நியர் முன் நிற்கும் நிலையே பெரும்பாலும் வராது.

தனியாகப் போவது

ஆலோசகர், பகுதிநேர மார்க்கெட்டிங் தலைவர், ஃப்ரீலான்ஸர் என்று பெயர் எதுவானாலும், வயது ஓரளவு சாதகமாக மாறும் வழி இது. சிறு நிறுவனத்தை நடத்துபவர் ஆலோசகரைத் தேடும்போது, ஏற்கெனவே பத்துப் பொருள் அறிமுகங்களையும் இரண்டு பொருளாதார மந்தநிலைகளையும் பார்த்தவரைத்தான் விரும்புவார்.

ஆனால் வேலை தேடுவது, வேலை செய்வது, பணம் வசூலிப்பது என்று மூன்று வேலைகள் ஒருவர் தலையில் விழும். முதல் கிளையன்ட் அநேகமாக உங்கள் பழைய முதலாளியோ பழைய சகாவோதான். அப்படி யார் பெயரும் மனதில் வரவில்லை என்றால் இந்த வழி இப்போதைக்கு வேண்டாம். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்ட்டிடமிருந்து வந்தால், பாதுகாப்பில்லாத ஒரு சம்பள வேலையில்தான் இருக்கிறீர்கள். சட்டமும் சில இடங்களில் கைவிடும்: அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன ஊழியர்களை வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களுக்குப் பொருந்தாது.

சொந்தத் தொழில் பற்றி ஒரு நல்ல செய்தி. பியர் அசூலே முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. ஆனால் அதே தொழில்துறையில் முன்னனுபவம் இருந்தவர்களுக்குத்தான் வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. எதையும் விற்கத் தெரியும் என்ற தைரியத்தில், பழக்கமில்லாத பொருளில் சேமிப்பைப் போட வேண்டாம்.

ஆசிரியர் பணி, உளவியல் ஆலோசனை என்று முற்றிலும் புதிதாகத் தொடங்குவதையும் சிலர் கேட்கிறார்கள். அந்த வேலை மீது உண்மையிலேயே ஆசை இருந்தால் போங்கள். வயதுப் பாகுபாட்டிலிருந்து தப்பிக்க மட்டும் என்றால் வேண்டாம். அங்கே வயதோடு அனுபவமின்மையும் சேர்ந்துகொள்ளும்.

வழக்குப் போடுவது? அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஆஸ்திரேலியா எங்கும் சட்டம் உண்டு, நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வேலை கிடைக்காதவரைவிட, வேலையிலிருந்து அனுப்பப்படுபவருக்கே அது அதிகம் கைகொடுக்கும், கையில் மின்னஞ்சல்களும் மதிப்பீட்டு அறிக்கைகளும் இருப்பதால். வேலையை விட்டு அனுப்பும்போது நிறுவனம் நீட்டும் விலகல் ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். அமெரிக்காவில் 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர் வயது தொடர்பான வழக்குரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால், யோசிக்கக் குறைந்தது 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாற 7 நாளும் தர வேண்டும்.

கையில் வேலை இருக்கும்போதே யோசிப்பவர் பக்கத்துத் துறைக்கான பேச்சை இப்போதே தொடங்கலாம். வேலை போய்விட்டது, சேமிப்பும் ஆறு மாதத்துக்குத் தாங்காது என்பவருக்கு என் பதில் வேறு. ஆறு மாதம், ஒரு வருடம் என்று வரும் ஒப்பந்த வேலையைப் பிடியுங்கள். பிரசவ விடுப்பில் போனவரின் இடமோ, ஒரு பொருளின் அறிமுகத்துக்கான தற்காலிக இடமோ, எதுவானாலும் சரி. அவசரத்துக்கு ஆள் எடுப்பவர்கள் வயதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, உள்ளே போய்விட்டால் உங்கள் வேலையைப் பார்த்தவர்கள் என்று சிலர் உருவாகிவிடுவார்கள். ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நிரந்தர இடம் பற்றி நீங்களாகவே கேளுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.