பிரதுநாமா, குவாங்சோவா? பொட்டிக் கடைக்கு வெளிநாட்டில் சரக்கு எடுக்க எந்த ஊர்

சென்னையிலோ கோவையிலோ பெண்கள் உடைக்குச் சிறிய பொட்டிக் வைத்திருப்பவர் வெளிநாட்டுப் பர்ச்சேஸுக்குக் கிளம்பினால் பெரும்பாலும் இரண்டு ஊர்கள்தான் பேச்சில் வரும். ஒன்று பாங்காக்கின் பிரதுநாம், இன்னொன்று சீனாவின் குவாங்சோ. ‘அங்கே விலை இன்னும் குறைவு’ என்ற ஒரே காரணத்துக்காகச் சிறு கடைக்காரர்கள் குவாங்சோவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். ரேக்கில் தொங்கும் விலையை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு அது. ஒரு டிசைனில் எத்தனை பீஸ் எடுத்தே தீரவேண்டும், ஒரு பகலில் எத்தனை கடை முடிக்கலாம், நம் கடை வாசலில் இறங்கும்போது ஒரு பீஸ் என்ன விலைக்கு நிற்கிறது: இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பல கடைகளுக்கு விடை மாறிவிடும்.

பிரதுநாமில் ஒரு பகல்

சென்னையிலிருந்து நேரடி விமானம் மூன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஏர்போர்ட் ரயிலில் ராட்சபிராரோப் நிலையத்தில் இறங்கினால் சந்தை நடக்கும் தூரம். பையோக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிகாலையிலேயே நடைபாதைக் கடைகள் விரிந்துவிடும். டி-ஷர்ட், எலாஸ்டிக் பேன்ட், வீட்டில் போடும் காட்டன் உடை போன்றவற்றுக்கு அந்த நேரம்தான். வெயில் ஏறுவதற்குள் அவை காலியாகிவிடும்.

ஒன்பது, பத்து மணிக்கு மேல் பிளாட்டினம் ஃபேஷன் மால். 2,000க்கும் மேற்பட்ட சிறு கடைகள், குளிர்சாதனம், இரவு எட்டு வரை வியாபாரம். பெரும்பாலான கடைகளில் விலை அட்டையில் இரண்டு எண் இருக்கும். மேலே இருப்பது ஒரு பீஸ் விலை, கீழே இருப்பது மூன்று பீஸ் எடுத்தால் ஒரு பீஸுக்கான மொத்த வியாபார விலை. அந்த மூன்றும் ஒரே டிசைனாக இருக்கவேண்டியதில்லை. ஒரே கடையில் மூன்று வேறு டிசைன் எடுத்தாலும் பல கடைகளில் மொத்த விலைக்கே தருவார்கள். சிறு பொட்டிக்குக்கு பாங்காக் தரும் பெரிய வசதி இதுதான். ஒரு டிசைனில் மூன்று பீஸ், வேறு வேறு நிறத்தில் வைத்து விற்றுப் பார்க்கலாம். ஓடாவிட்டால் நஷ்டம் மூன்று பீஸோடு நிற்கும்.

சனி, ஞாயிறு சில்லறைக் கூட்டம் நெருக்கும். மொத்த வியாபாரம் பேசுவதற்குக் கடைக்காரருக்கு நேரமே இருக்காது. வாரநாளில் போங்கள். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் பிளாட்டினம், பக்கத்திலுள்ள க்ருங் தோங் பிளாசா, இந்திரா ஸ்கொயர் மூன்றையும் பார்த்து, உடையையும் கடை எண் பலகையையும் ஒரே படத்தில் வருமாறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உடை இரண்டு மாடி தள்ளி 40 பாத் குறைவாகத் தொங்குவது அங்கே சாதாரணம். மதியத்துக்கு மேல் இரண்டாம் சுற்றில் பணம் கொடுத்து எடுங்கள். டஜன் கணக்கில் குழந்தை உடை, அடிப்படை ரகங்கள் வேண்டுமானால் போபே சந்தை. சேன் சேப் கால்வாய்ப் படகில் பிரதுநாம் துறையில் ஏறி போபே துறையில் இறங்கலாம், சாலை நெரிசல் தொடாது. ஆனால் அங்கே காலையில் போகவேண்டும். லேஸ், பட்டன், ஃபேன்சி நகைக்கு சம்பெங் சந்து.

குவாங்சோவின் பகல் வேறு

இங்கே நாள் இரவின் வால்பகுதியிலேயே தொடங்குகிறது. ஷிசான்ஹாங் சந்தையில் பெண்களுக்கான ஃபாஸ்ட் ஃபேஷன் மொத்தமும் விடிகாலையில் விற்றுத் தீர்ந்து, மதியம் ஒன்று, இரண்டு மணிக்குள் ஷட்டர் இறங்கிவிடும். உள்ளூர் நேரம் காலை ஐந்தரை என்பது நம் ஊர்க் கணக்கில் மூன்று மணி. வந்து இறங்கிய மறுநாள் விடியலிலேயே வேலையைத் தொடங்கினால் பாதித் தூக்கத்தில் தவறான சரக்கு எடுப்பீர்கள், ஆகவே ஒரு நாள் முன்பே போய்ச் சேருவது நல்லது. கல்ச்சுரல் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நியூ சைனா கட்டடத்துக்குப் போனதும் லிஃப்டில் மேலே ஏறிவிட்டு, படிவழியாக ஒவ்வொரு மாடியாக இறங்கி வருவதுதான் வேகம். வழியை அடைத்து நிற்கும் மூட்டைத் தள்ளுவண்டிகளுக்கு வழிவிடத் தெரிந்திருக்கவேண்டும். பல கடைகளில் படம் எடுக்க விடமாட்டார்கள், டிசைனைத் திருடுகிறார்கள் என்ற பயம். கடை எண்ணையும் டிசைன் எண்ணையும் விலையையும் நோட்டில் எழுதுவதே பாதுகாப்பு.

இங்கே மூன்று பீஸ் வியாபாரம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில கடைகள் ஒரு டிசைனுக்கு ஐந்து, பத்து என்று கேட்கும்; சில கடைகள் நிறமும் சைஸும் கலந்த ஒரு முழு செட்டாகத்தான் தரும். சாம்பிளுக்கு ஒரே ஒரு பீஸ் கேட்டால் விலை ஏறும், அல்லது தரமாட்டார்கள். பேரம் முழுக்க கால்குலேட்டரில் நடக்கும்.

மதியத்துக்கு மேல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பைமா. 1993 முதல் இயங்கும் இந்தச் சந்தையில் தையல் நேர்த்தி கூடுதல், விலையும் கூடுதல், மாலை வரை திறந்திருக்கும். ரெடிமேடோடு துணியும் பார்க்கவேண்டுமானால் கல்ச்சுரல் பார்க்கிலிருந்து மெட்ரோ 8ஆம் பாதையில் ஏறி சோங்தா துணிச்சந்தைக்குப் போகலாம். சொந்த டிசைனைத் தைக்கக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் குவாங்சோவுக்கு பாங்காக் போட்டியே இல்லை. துணி, ஜிப், லேபிள், தைக்கும் பட்டறை எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன.

இந்தியருக்கு விசா முன்கூட்டியே எடுக்கவேண்டும். வியாபார விசாவுக்குச் சீனத் தரப்பிலிருந்து அழைப்புக் கடிதம் வேண்டும். உள்ளே போனால் வாட்ஸ்அப்பும் கூகுள் மேப்பும் உள்ளூர் இணையத்தில் வேலை செய்யாது. நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் பெரும்பாலும் வேலை செய்யும், ஆகவே ரோமிங் பேக் போடாமல் போகாதீர்கள். பணம் வீசாட், அலிபே என்ற மொபைல் செயலிகளில்தான் ஓடுகிறது. விசா, மாஸ்டர் கார்டுகளை அலிபேயில் இணைத்து, அடையாளச் சரிபார்ப்பையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதம் கட்டணம் போவதை விலையில் சேர்க்க மறக்கவேண்டாம். பாங்காக்கில் இந்தத் தொல்லை இல்லை. டாலர் நோட்டைச் சூப்பர்ரிச் போன்ற மாற்றுக் கடைகளில் பாத்தாக்கிக் கையில் கொடுக்கலாம். 100 டாலர் நோட்டுக்குச் சின்ன நோட்டைவிட நல்ல விலை கிடைக்கும். ஆனால் இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கொண்டுபோக முடியும். அதற்குமேல் வாங்கும் சரக்குக்கு வங்கி வழியாக இறக்குமதிப் பணமாக அனுப்புவதுதான் முறை.

அளவு: பாங்காக் தோற்கும் இடம்

பாங்காக்கில் ‘ஃப்ரீ சைஸ்’ என்று தொங்குவதில் பெரும்பகுதி 36 அங்குல மார்புக்கு மேல் போகாது. எலாஸ்டிக் இழுத்துக் காட்டி ‘நாற்பது வரை போடலாம்’ என்பார்கள். மார்பு போகும், தோளும் அக்குளும் இறுக்கும். நம் கடைக்கு அந்த உடை திரும்பி வருவது அங்கேதான். டேப் இல்லாமல் ஒரு பீஸும் எடுக்காதீர்கள். உடையைத் தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள் வரை 20 அங்குலம் இருந்தால் மார்பு 40. கைச்சுற்று 13 அங்குலத்துக்குக் குறைந்தால் நம் ஊரில் எல் சைஸ் கேட்பவருக்குக் கை இறுக்கும். கழுத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்கால் வரை இறங்கும் நீளத்தையும் பாருங்கள். மேக்ஸி என்ற பெயரில் கணுக்காலுக்கு ஆறு அங்குலம் மேலே நிற்கும் உடைகள் நிறைய உண்டு.

சீன அளவும் சின்னதுதான். அங்கத்திய எல் நம் ஸ்மாலுக்கோ மீடியத்துக்கோதான் வரும். ஆனால் குவாங்சோவில் பெரிய அளவுக்கென்றே தனிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ‘தா மா’ என்று கேட்டால் காட்டுவார்கள். 42, 44 அங்குலம் கேட்கும் வாடிக்கையாளர்கள் உங்களுக்கு அதிகமென்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே குவாங்சோ போவது சரி.

துணி விஷயத்தில் இரண்டு ஊர் லேபிளையும் நம்பாதீர்கள். தையல் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கடைக்கு வெளியே வந்து கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து உள்பக்கம் தேய்த்தால் சாயம் விடுமா என்பது தெரியும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றிலும் இதைத் தவறாமல் செய்யவேண்டும்.

வாசல் விலை

ஒரு பாத் 2.75 ரூபாய், ஒரு யுவான் 12.50 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரே தரத்து டாப் பாங்காக்கில் 250 பாத், குவாங்சோவில் 40 யுவான். பாங்காக் பீஸ் 688 ரூபாய், விமானக் கார்கோ 75 சேர்த்து 763. பல ரெடிமேட் ரகங்களுக்கு அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதம். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதல் வரி, ஆக 22. வரி 168 சேர்த்தால் 931. குவாங்சோ பீஸ் 500, கப்பல் கூலி 40 சேர்த்து 540. வரி 119 சேர்த்து 659. வித்தியாசம் 272 ரூபாய். இறக்குமதிக்குக் கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டியை இரண்டிலும் விட்டிருக்கிறோம், பதிவுள்ள கடைக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். சில ரகங்களுக்கு ‘பீஸுக்கு இவ்வளவு ரூபாய், எது அதிகமோ அது’ என்று வரி விதிக்கிறார்கள். மலிவான சரக்கை அது கடுமையாகப் பிடிக்கும்.

விசா, கூடுதல் டிக்கெட், இரண்டு இரவு கூடுதல் தங்கல், மொழிபெயர்ப்பாளர் நாள்கூலி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து குவாங்சோ பயணம் 70,000 ரூபாய் அதிகமானால், சுமார் 260 பீஸுக்கு மேல்தான் லாபம் தொடங்குகிறது. அந்த 260 பீஸும் விற்கவேண்டும். டிசைனுக்குப் பத்து பீஸ் வீதம் எடுத்து அதில் பாதி தங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பாங்காக் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. 2010 முதல் நடப்பிலுள்ள ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தின்படி தாய்லாந்தில் தயாரான உடைக்கு, அங்கேதான் தயாரானது என்ற மூலச் சான்று இருந்தால் சுங்கச் சலுகை கிடைக்கும். மேலே சொன்ன 168 ரூபாய் முழுவதும் தள்ளுபடியானால் வித்தியாசம் 104 ரூபாயாகச் சுருங்கும். குவாங்சோ லாபம் தர 670 பீஸுக்கு மேல் எடுக்கவேண்டிவரும். ஆனால் பிளாட்டினத்தில் தொங்கும் சரக்கில் நிறைய சீனாவிலிருந்தே வருகிறது. அதற்கு இந்தச் சான்று கிடைக்காது. சொந்தமாகத் தைத்து விற்கும் தாய்லாந்துக் கடைகளைத் தேடி, சான்று வாங்கித் தருவாரா என்று முதலிலேயே கேட்டு வாங்குபவருக்குத்தான் இந்தச் சலுகை.

கார்கோவில் எடையைவிடக் கனஅளவு காசைத் தின்னும். 60×50×40 செ.மீ. பெட்டியை விமானக் கார்கோவில் 6,000ஆல் வகுத்து 20 கிலோ என்று போடுவார்கள், கூரியரில் 5,000ஆல் வகுத்து 24 கிலோ. உள்ளே 12 கிலோ ஷிஃபான் இருந்தாலும் கட்டணம் அதற்குத்தான். ஹேங்கர், உள் அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருட்டி அடுக்குங்கள். ப்ளீட்ஸ் உடைகளை மட்டும் அமுக்கக்கூடாது.

‘கிலோவுக்கு இவ்வளவு, வீடுவரை, பில் கிடையாது’ என்று சொல்லும் ஏஜென்ட்கள் இரண்டு ஊரிலும் உண்டு. அந்த வழியில் உங்கள் பெயரில் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க இறக்குமதிப் பத்திரம் இருக்காது, ஐஜிஎஸ்டி திரும்பாது, சரக்கு பிடிபட்டால் உரிமை கோர ஒரு தாளும் இருக்காது. ஐஇசி என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண் எடுத்து, சரியான இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்டோடு கொண்டுவாருங்கள். தடைசெய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்ற ஆய்வகச் சான்று இல்லாவிட்டால் துறைமுகத்தில் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், நாட்கள் போகும். விற்பனைச் சரக்கைப் பயணிகளுக்கான சலுகையில் சூட்கேஸில் கொண்டுவருவது சட்டப்படி செல்லாது.

குவாங்சோவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடைக்காரர் சரக்கைக் கட்டி ஏஜென்டின் கிடங்குக்கு அனுப்பிவிடுவார், மூட்டையை நீங்கள் பார்ப்பதே இல்லை. நிறம் மாறுவதும், சைஸ் செட்டில் ஒன்றே இரட்டிப்பதும் அப்போதுதான் நடக்கும். கடைசி நாளைக் கொள்முதலுக்கு வைக்காமல் கிடங்கில் பிரித்து எண்ணுவதற்கு விடுங்கள். ஊர் வந்து சேர்ந்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள்.

சியோல்

மூன்றாவது ஊர் தென்கொரியாவின் சியோல். அங்கே தோங்தேமுன் மொத்தச் சந்தை இரவு எட்டுக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கிறது. டிசைன் மூன்று ஊரிலும் முன்னணி, விலையும் அப்படியே. வெளிநாட்டார் பலர் உள்ளூர் வாங்கும் ஏஜென்ட் மூலமே எடுக்கிறார்கள். 3,000 ரூபாய்க்கு மேல் டாப் விற்கும் கடைக்கு மட்டும் யோசிக்கத் தக்கது.

எந்த மாதம்

சீனச் சந்தையில் வசந்தம் முதல் ஜூலை வரைதான் கோடை உடை. ஆகஸ்ட் தாண்டினால் ரேக் முழுக்கக் கம்பளியும் முழுக்கையும். தீபாவளிச் சரக்கைக் குவாங்சோவில் எடுப்பதானால் ஜூலையில் போய், கோடைக் கழிவு விலையில் வாங்கி, கப்பலில் ஏற்றலாம். செப்டம்பரில் கையில் இருக்கும். செப்டம்பரில்தான் கிளம்ப முடியும் என்றால் பாங்காக். அங்கே ஆண்டு முழுக்க மெல்லிய துணிதான், விமானக் கார்கோவில் சீக்கிரம் வந்துவிடும். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பட்டறைகள் வாரக்கணக்கில் மூடுகின்றன. அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. குவாங்சோவின் பெரிய வர்த்தகக் கண்காட்சியான கேன்டன் ஃபேர் நடக்கும் ஏப்ரல், அக்டோபரில் ஓட்டல் வாடகை எகிறும். பாங்காக்கில் தவிர்க்கவேண்டியது ஏப்ரல் 13 முதல் 15 வரையான சொங்க்ரான். கொழும்பு, யாழ்ப்பாணக் கடைகளுக்கு சித்திரைப் புத்தாண்டுதான் பெரிய சீசன். அதற்கான சரக்கை மார்ச் தொடக்கத்திலேயே பாங்காக்கில் எடுத்துவிடவேண்டும். சீனாவில் புத்தாண்டு விடுமுறை முடிந்து பட்டறை முழுவேகம் பிடிப்பதற்குள் அந்த சீசன் நெருங்கிவிடும்.