நுரையீரல் பிரிவு: அவசரப்படாமல் பார்க்கிறார்கள்

அக்காவுக்கு 46 வயது. பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக நிழல். இருமல், இளைப்பு எதுவும் கிடையாது. ஊரில் பார்த்தவர் புற்றுநோய் பரவியிருக்கிறது என்றே சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரியின் நுரையீரல் பிரிவில் டாக்டர் சி.டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கர்ப்பப்பையில் ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கா அம்மா?" நடந்திருந்தது. 2014இல் ஃபைப்ராய்டுக்காக (கர்ப்பப்பையில் வரும் சாதாரணத் தசைக் கட்டி) கர்ப்பப்பையை எடுத்தார்கள், சினைப்பைகளை விட்டுவைத்தார்கள். நுரையீரலில் ஊசி பயாப்ஸி செய்ததோடு, அந்தப் பழைய ஆபரேஷனின் பிளாக்கையும் வாங்கிவரச் சொன்னார். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் மெழுகு, மெழுகுக்குள் நகத்தளவு சதை. நல்லவேளை, பழைய லேபில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டதில் ஒரே மாதிரி மென்தசைச் செல்கள். பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா, அதாவது புற்றுநோய் இல்லாவிட்டாலும் வேறு உறுப்பில் போய் வளரும் ஃபைப்ராய்டு கட்டி, என்று ரிப்போர்ட் வந்தது. அரிதான நோய், ஃபைப்ராய்டு இருந்த பெண்களுக்கு, ஆபரேஷன் முடிந்து பல வருஷம் கழித்துக்கூட வரலாமாம். ரிப்போர்ட்டை டாக்டர் வரி வரியாக விளக்கினார். செல்களில் புற்றுநோய்க்கான கோளாறு இல்லை, மிக மெதுவாகத்தான் பெருகுகின்றன. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் இரண்டுக்குமான ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) பாசிட்டிவ். அதாவது சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன் நுரையீரலில் இருக்கும் இந்தக் கட்டியையும் வளர்க்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஹார்மோன் குறையும்போது தானாகச் சுருங்கவும் வாய்ப்பு உண்டு.

கீமோ வேண்டாம் என்று அவர் சொன்னபோது அக்கா அழுதுவிட்டாள். கட்டிகள் சின்னவை, தொந்தரவும் இல்லை என்பதால் இப்போதைக்கு ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பு மட்டும். வளர்ந்தால் ஹார்மோனை அடக்கும் ஊசி, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை, சினைப்பைகளை எடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எதையும் கேட்காமல் போடக் கூடாது என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். மகளிர் டாக்டரையும் கூப்பிட்டுப் பேசித்தான் இதையெல்லாம் முடிவு செய்தார்கள்.

ரிப்போர்ட் வரத் தாமதம்தான். கவுன்டரில் கேட்டால் சரியான பதிலும் இல்லை. அதை மட்டும் சரிசெய்ய வேண்டும். மற்றபடி தைரியமாகப் போகலாம். ஃபைப்ராய்டு ஆபரேஷன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட் இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.