டெல்லியில் அரசியல் நடை: செங்கோட்டைப் பக்கமா, தீன்மூர்த்திப் பக்கமா?

கையில் அரை நாள்தான் என்றால் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

தூரம்: செங்கோட்டையிலிருந்து சாந்தினி சௌக் வழியாக ஃபதேபுரி மசூதி வரை ஒன்றரை கிலோமீட்டருக்குள். காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட இடமான காந்தி ஸ்மிருதி, தீன்மூர்த்தி, இந்திரா காந்தி நினைவகம் மூன்றும் தள்ளித்தள்ளி இருக்கின்றன, நடை கூடுதல்.

செலவு: கோட்டைக்கு டிக்கெட். காந்தி ஸ்மிருதியும் இந்திரா நினைவகமும் இலவசம். தீன்மூர்த்தியில் நேரு வாழ்ந்த வீடு இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகம். அதற்குக் கட்டணம் உண்டு.

நடக்கும் சுகம்: பழைய டெல்லியில் நெரிசல், சத்தம், வழியெல்லாம் தீனி. தீன்மூர்த்திப் பக்கம் நிழல் மரங்கள், நல்ல நடைபாதை; ஆனால் டீக்கடை தேட வேண்டும்.

வரலாறு: கோட்டைக்குள் 1858இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை விசாரித்து ரங்கூனுக்கு அனுப்பினார்கள். அதே கோட்டையில் 1945இல் நேதாஜியின் படை அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. சாந்தினி சௌக்கில் 1912இல் வைஸ்ராய் ஹார்டிங் மீது குண்டு விழுந்தது. அதே தெருவில் உள்ள சுனேரி மசூதியோ 1739க்கே போகிறது, பாரசீக மன்னர் நாதிர் ஷா டெல்லியில் நடத்திய படுகொலைக்கு. ஆனால் விளக்கப் பலகைகள் குறைவு. படித்துவிட்டுப் போகாதவருக்கு அது வெறும் கடைத்தெருதான். காந்தி ஸ்மிருதியில் அந்தச் சிக்கல் இல்லை. 1948 ஜனவரி 30 மாலை காந்தி கடைசியாக நடந்த வழியைக் காலடித் தடங்களே காட்டும்.

பிள்ளைகள், பெரியவர்களோடு போனால் தீன்மூர்த்திப் பக்கம், நடுவில் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். தனியாக, முன்கூட்டியே படித்துவிட்டுப் போகிறவருக்குச் செங்கோட்டை. என் ஓட்டும் அதற்கே. அப்புறம், திங்கட்கிழமை இரண்டுமே வேண்டாம். முக்கிய இடங்களுக்கு விடுமுறை.