ஃபைனல் ஃபேன்டஸி 12, த சோடியாக் ஏஜ்: பேச்சை மட்டும் வைத்து ஒரு மதிப்பீடு

மாயக் கதைகளில் வரும் குள்ளர் இனத்தவர் என்றால் ஸ்கொட்லாந்துக்காரர் மாதிரித்தான் பேச வேண்டும் என்பது, நாமே ஒரு பாத்திரமாகி ஆடும் ரோல் பிளேயிங் கேம்களில் எழுதாத சட்டம். த விட்சர் 3 கேமில் வரும் குள்ளரான சோல்டானும் அப்படியே. 2006இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 12 இனத்தைவிட ஊரைப் பார்த்தே பேச்சுச் சாயலைப் பிரித்தது. டல்மாஸ்கா நாட்டைச் சேர்ந்த வான், பெனலோ என்ற இருவரும் பேசுவது அமெரிக்க ஆங்கிலம். அந்த நாட்டைப் பிடித்துக்கொண்ட ஆர்கேடியப் பேரரசின் பிரபுக்கள் பேசுவது பிரித்தானிய ஆங்கிலம். வாளை உருவுமுன்பே ஆள் எந்தப் பக்கம் என்று காதுக்குத் தெரிந்துவிடும்.

முயல் காது கொண்ட வியேரா இனத்து ஃப்ரானுக்கு ஐஸ்லாந்துச் சாயல். நிக்கோல் ஃபான்டில் அதை அளவோடு பேசியிருக்கிறார். ஃப்ரானின் கிராமத்துக்குப் போனால் சகோதரிகளிடமும் அதே சாயல் கேட்கும். பல கேம்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸில் (2009) அமெரிக்கர் போலப் பேசிய டேலிஷ் எல்ஃப் என்ற நாடோடி இனத்தார், 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில் வேல்ஸ், அயர்லாந்துச் சாயலுக்குத் தாவிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தியான மெரிலுக்கு ஈவ் மைல்ஸின் குரல் அருமை என்பது வேறு விஷயம்.

நம்ம மலையகத்து ஆட்கள் ஆவலோடு தேடப்போவது இந்தக் கேமில் ஆகாயத்தில் மிதக்கும் பூஜெர்பா என்ற ஊரைத்தான். அலெக்சாண்டர் ஓ. ஸ்மித்தும் ஜோசப் ரீடரும் ஆங்கிலமாக்கியபோது, இந்தச் சுரங்க ஊருக்கு இலங்கை ஆங்கிலத்தை முன்மாதிரியாக எடுத்தார்கள். ஆனால் ஆசையோடு போனால் ஏமாற்றம். குரல் பதிவு கதைக் காட்சிகளுக்கு மட்டுமே. தெருவில் நிற்பவர்கள் எல்லாரும் எழுத்தில்தான் பேசுகிறார்கள். ஊரின் மணத்தைச் சுமப்பது 'பத்ரா', 'பரிஜன' மாதிரியான சமஸ்கிருதச் சொற்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் பத்ரா என்று கூப்பிட்டதாகத் தெரியவில்லை!

குரல் கொடுத்திருந்தாலும் இது லேசான வேலையில்லை. வெளியார் நம்ம ஆங்கிலத்தைப் போலச் செய்யும்போது நாக்கை மடித்து 'ட' சொல்வதை உடனே பிடித்துக்கொள்வார்கள். தாளத்தை விட்டுவிடுவார்கள். இலங்கை ஆங்கிலத்தில் ஒவ்வொரு அசையும் ஏறக்குறைய ஒரே எடை. பிரித்தானியர் அழுத்தம் இல்லாத அசையை விழுங்கிவிடுவார்கள். 'ட'வை மட்டும் மாற்றி அந்த விழுங்கலை அப்படியே வைத்தால் கேலி போல ஒலிக்கும். அதிலும் தமிழ் வாய், சிங்கள வாய் என்று இரண்டு இருக்கிறது.

வாங்குவதானால் 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கும் (பிஎஸ்4) 2018இல் கணினிக்கும் வந்த, பழைய கேமை மெருகேற்றிய சோடியாக் ஏஜ் பதிப்பையே எடுங்கள். ஜப்பானியக் குரலுக்கும் மாற்றிக்கொள்ளலாம். கணினியில் 50 ஜிபி இடம் ஒதுக்குங்கள். இரவு டேட்டாவில் இறக்குவது லாபம். தகரக் கூரையில் மழை கொட்டும் மாதங்களில் ஃப்ரானின் தாழ்ந்த குரல் ஸ்பீக்கரில் எடுபடாது, ஹெட்போன் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பிஎஸ்2 டிஸ்க்கை வாங்கிவிடாதீர்கள்: அதில் ஆங்கிலக் குரலை அளவுக்கு மீறிச் சுருக்கியிருப்பதால், டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.