கீலொய்ட் தழும்பு: பரம்பரையா, ஆறாத அழற்சியா?

வெள்ளவத்தையில் இருக்கும் அக்காவின் மகள் 17 வயதில் மேல்காதில் இன்னொரு தோடு குத்தினாள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குத்திய இடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. பளபளவென்று, தொட்டால் ரப்பர் மாதிரி. இரவானால் நித்திரை இல்லை. "நுளம்பு உள்ளுக்குள்ள இருந்து கடிக்கிற மாதிரி இருக்கு சித்தி" என்றாள்.

அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. "அம்மம்மாவுக்கும் இப்படித்தான், நெஞ்சில இருந்தது. எங்கட ரத்தத்தில இருக்கு, மாறாது." தோல் டொக்டர் சொன்னது வேறு: "வெளியில காயம் மூடிட்டுது பிள்ளை. உள்ள இன்னும் ஆறேல்ல."

இப்படிக் காயத்தைத் தாண்டி வளரும் தழும்புக்குப் பெயர்தான் கீலொய்ட். அதைப் பற்றிய இரண்டு பெரிய விளக்கங்களும் இந்த இரண்டு பேச்சிலேயே இருக்கின்றன.

அக்காவின் பக்கத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கீலொய்ட் குடும்பங்களில் ஓடுகிறது. வெள்ளைத் தோல்காரரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினருக்கு அதிகம் வருகிறது. 2010இல் ஜப்பானியரிடம் நடந்த மரபணு ஆய்வு, கீலொய்டோடு தொடர்புள்ள சில இடங்களை 1, 3, 15ஆம் குரோமோசோம்களில் காட்டியது. 15ஆம் குரோமோசோமில் உள்ள நெட்4 என்ற மரபணு அப்போதுதான் பேச்சுக்கு வந்தது. ஆனால் இப்படியான மாற்றங்களைச் சுமப்பவர் எல்லோருக்கும் கட்டி வருவதில்லை. பரம்பரையாக வருவது கட்டி அல்ல, கட்டி வரக்கூடிய உடம்பு.

என்னை யோசிக்க வைத்தது பிள்ளையின் உடம்புதான். குழந்தையில் குத்திய கீழ்க்காது சுத்தமாக ஆறியிருக்கிறது. பிறந்ததும் இடதுகையில் போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு சின்னதாக, தட்டையாக இருக்கிறது. மேல்காது மட்டும் வளர்கிறது. மூன்று காயத்துக்கும் மரபணு ஒன்றுதானே? வயதுக்கும் இதில் பங்கு உண்டு, கீலொய்ட் அதிகம் வருவது 10 முதல் 30 வயதுக்குள். இருந்தாலும் ரத்தத்தை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் டொக்டரின் பக்கம், அதாவது அழற்சி (காயம் பட்டால் உடம்பு காட்டும் சிவப்பு, வீக்கம்), கனக்கிறது. சாதாரண காயத்தில் சிவப்பும் வீக்கமும் சில நாளில் அடங்கும். பிறகு தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நார்கள் பின்னப்பட்டு, மாதக்கணக்கில் மெல்ல ஒழுங்காகும். கீலொய்டில் தோலின் ஆழ்ந்த படையில் அழற்சி அடங்குவதே இல்லை. டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் தொடர்ந்து ஓட, நார் செய்யும் செல்கள் நிறுத்தாமல் கொலாஜனைக் குவிக்கின்றன. தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டுகிறது. இரவில் வரும் அந்தக் கடிக்கும் (அரிப்புக்கும்) இந்த அடங்காத அழற்சி ஒரு காரணம்.

தோக்கியோவில் ரெய் ஒகாவா என்ற மருத்துவர் இதோடு இழுவிசையையும் சேர்த்தார். கையை அசைக்கும்போதெல்லாம் நெஞ்சுத் தோலும் தோள் தோலும் இழுபடும், அழற்சி திரும்பத் திரும்பக் கிளறப்படும். தோல் தளர்ந்திருக்கும் கண்ணிமையில் கீலொய்ட் மிக அரிது. அம்மம்மாவுக்கு நெஞ்சில் வந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் காதில் அப்படி இழுவிசை இல்லை. அங்கே தோட்டின் உராய்வு, கிருமித் தொற்று போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் சிலருக்குக் கீலொய்ட் பெருக்கும். அப்போது மாறுவது ஹோர்மோன், மரபணு அல்ல.

சிகிச்சை என்று வந்தால் நான் டொக்டர் பக்கம்தான். மரபணுவை மாற்ற இன்று மருந்து இல்லை. அழற்சியை அடக்க இருக்கிறது: நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை கட்டிக்குள்ளேயே போடும் டிரையம்சினலோன் என்ற ஸ்டெரொய்ட் ஊசி. நோகும். சுற்றியுள்ள தோல் வெளிறலாம், மெலியலாம், எங்கள் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். தழும்பின்மேல் ஒட்டும் சிலிகோன் ஷீட் நோகாது, ஆனால் நாளுக்கு 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல் மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும். கொழும்பு வியர்வையில் மத்தியானமே கழன்றுவிடும், இல்லாவிட்டால் அடியில் பரு போடும். இரவில் காற்றாடிக்குக் கீழே ஒட்டி, காலையில் கழுவிக் காயவைப்பது கொஞ்சம் சரிவரும்.

"வெட்டி எடுத்தால் என்ன?" என்று அக்கா கேட்டார். வெட்டிவிட்டு வேறெதுவும் செய்யாமல் விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வருகிறது. அதே உடம்பில் இன்னொரு காயம் அல்லவா? இந்த இடத்தில் அக்காவின் ரத்தக் கணக்கு சரி. அதனால்தான் வெட்டினாலும் பிறகு ஊசியோ கதிர் சிகிச்சையோ சேர்க்கிறார்கள்.

பிள்ளைக்கு மூன்றாவது ஊசி முடிந்தது. முதலில் அடங்கியது கடி, அப்புறம் கட்டி மெத்தென்று ஆனது. இப்போது 13 வயதுத் தங்கச்சிக்கும் மேல்காது குத்த ஆசை. அக்கா அம்மம்மாவின் பழைய படத்தை எடுத்து, சேலைக்கு மேலே தெரியும் அந்தத் தழும்பைக் காட்டி, "உனக்கு வேண்டாம்" என்றார்.